குண்டு விழுந்த ஊர்

இரவு ஒன்பதரைக்குச் சோழ தேசம்
எங்கள் கூடத்துக்கு வந்துவிடும்.
அதற்குள் நான் குழம்புச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாக வேண்டும்.
எதிர்வீட்டுத் தையல்நாயகி கதவைப் பூட்டிக்கொண்டு வந்தாக வேண்டும்.
அவள் வீட்டிலும் டிவி இருக்கிறது.
தனியாகப் பார்த்தால்
கூடச் சேர்ந்து திட்ட ஆள் இல்லையாம்.

பட்டத்தரசி மிளகாய் வற்றல் தாளிக்கிறாள்.
"அது கடல்தாண்டி வர இன்னும் ஐந்நூறு வருஷம் இருக்கே" என்கிறேன்.
"ராணி எதுக்குத் தாளிக்கணும், அதக் கேளு" என்கிறார் வீட்டுக்காரர்,
சிப்காட் வாடை இன்னும் விடாத சட்டையோடு.

சேனாபதியின் புஜத்தில் தடுப்பூசித் தழும்பு.
யானைப்படை என்பது ஒரே யானை,
நாலு தடவை திரும்பித் திரும்பி நடக்கிறது.
போர்க்களத்துப் புழுதிக்குப் பின்னால்
வரிசை பிசகாமல் ஒரு சவுக்குத் தோப்பு.
எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே
எல்லாவற்றையும் பார்க்கிறேன்.
இளவரசன் செத்தான் என்று சேதி வந்த அன்று
எனக்குத்தான் முதலில் மூக்கு அடைத்தது.

நான் நில அளவையர்.
நட்ட கல்லுக்கும் புலப்படத்துக்கும்
ஒரு சாண் இடித்தால்
எனக்கு மதியச் சோறு இறங்காது.
ஒரு சென்ட்டுக்காக வரப்பில் நிற்கும் அண்ணன் தம்பிகள்
என் சங்கிலியைப் பார்க்கிற பார்வை
எனக்குத்தான் தெரியும்.
அப்படிப்பட்டவளுக்கு
தினம் அரைமணி நேரம்
எதுவுமே சரியாக இல்லாத ஒரு நாடு வேண்டியிருக்கிறது.

ஐப்பசி மழை பிடித்த அன்று
இளவரசன் உயிரோடிருக்கும் ரகசியத்தைச் சொல்ல
சேனாபதி வாயைத் திறந்தான்.
கரண்ட் போய்விட்டது.

இருட்டில் தையல்நாயகி சொன்னாள்:
"எல்லாம் தெரிஞ்சவளாச்சே. மீதிய நீ சொல்லு."

எந்தக் கல்வெட்டிலும் இல்லாத ராணி.
மாதச் சம்பளத்துக்கு யாரோ பெற்றுப்போட்ட சேனாபதி.
எனக்கென்ன தெரியும்?
இருந்தாலும் தொடங்கினேன்.
அவனை இரவோடிரவாகக் கெடிலத்தில் இறக்கினேன்.
"தண்ணி இருந்துச்சா?"
"அப்ப இருந்துச்சு."
கழுத்தளவு வெள்ளத்தில் ஓலையைத் தலைப்பாகைக்குள் செருகி
அக்கரையில் ஏற்றி, பசித்தவனுக்கு
இடுப்பு முடிச்சிலிருந்து
ஒரு பிடி பண்ருட்டி முந்திரி கொடுத்தேன்.

கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும்.
பிறகு வீட்டுக்காரர், மெதுவாக:
"முந்திரியும் கப்பல்ல வந்ததுதானே?"

இருட்டாக இருந்தது நல்லதாகப் போயிற்று.

"பசிச்சவன் எதையோ தின்னுட்டுப் போறான், விடுங்க"
என்று அவரை அடக்கிவிட்டு அவள் கேட்டாள்:
"ஆனா இப்பிடியெல்லாம் நெஜமாவே நடந்திருக்குமா?"

நடந்த ஒன்றைச் சொன்னேன்.
தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கிய கும்பினிக்காரர்கள்
சங்கிலி பிடிக்கவில்லை, கல் நடவில்லை.
பீரங்கியை வெடித்தார்கள்.
குண்டு போய் விழுந்த தூரம் வரைக்கும்
ஊர்கள் அவர்களுடையவை.
நம் குண்டு உப்பலவாடிக்கு முன்னால் ஒட்டியிருக்கிற குண்டு
அந்தக் குண்டுதான்.

இதையே சீரியலில் காட்டியிருந்தால்
முதலில் சிரித்திருப்பவள் நான்.

தையல்நாயகி யோசித்தாள்.
"இது புருடா" என்றாள்.
"வெடியப் போட்டு எவனாச்சும் நெலம் அளப்பானா?
சேனாபதி ஆத்தக் கடந்தான் பாரு, அது நெஜம்."

மறுநாள் ஒன்பதரைக்கு
மடிப்புக் கலையாத பட்டு அங்கவஸ்திரத்தோடு
சேனாபதி அரண்மனை வாசலில் வந்து நின்றான்.
அவள் திரையைப் பார்த்துக் கையை நீட்டினாள்:
"ராத்திரியெல்லாம் கெடிலத்துல கெடந்தவன்,
துணி எப்பிடிய்யா காஞ்சுது?"